எழுத்தும் வடிவமைப்பின் பகுதியே: இயந்திரச் சேவை வரைபடங்களைத் தயாரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூர்க் கட்டடங்களுக்கான குளிர்சாதன, காற்றோட்ட, குழாய்ச் சேவை வரைபடங்களைத் தயாரிக்கும் பொறியாளர்களுக்கும், கட்டடத்தைத் தகவல்களோடு கூடிய முப்பரிமாண மாதிரியாகக் கணினியில் உருவாக்கும் பிம் மாதிரியாளர்களுக்கும், அவர்களை வழிநடத்தும் குழுத் தலைவர்களுக்கும் வணக்கம்.

குளிர்சாதன, காற்றோட்டப் பணிகளை எடுத்துச் செய்யும் குத்தகை நிறுவனம் ஒன்றின் ஒருங்கிணைப்பாளராக நான் இங்குள்ள கட்டுமானத் தளங்களில் வேலை செய்கிறேன். நீங்கள் வெளியிடும் ஷீட்டை, அதாவது வரைபடத் தாளை, பிரித்து வைத்துக்கொண்டு, காற்றைக் கொண்டுசெல்லும் எந்த டக்ட் எந்த உத்தரத்துக்கு அடியில் எவ்வளவு உயரத்தில் போக வேண்டும், எந்தக் குழாய் அதற்கு வழிவிட வேண்டும் என்று மேற்பார்வையாளர்களுக்கும் ஃபோர்மேன்களுக்கும் விளக்குவது என் பொறுப்பு. உங்களில் கணிசமானோர் தமிழர்கள். சிலர் இந்தத் தீவின் அலுவலகங்களிலும், சிலர் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் அமர்ந்து இதே கட்டடங்களை வரைகிறீர்கள். அந்த ஷீட்டைக் கையில் பிடித்தபடி சாரத்தின்மேல் நிற்கும் தொழிலாளர்களிலும் தமிழர்கள் ஏராளம். அதனால்தான் அலுவலகக் கடிதமாக அனுப்பாமல், இரு தரப்பாரும் படிக்கும்படி தமிழிலேயே எழுதுகிறேன்.

நான் கேட்பது இது: வரைபடத்தின்மீது எழுதப்படும் அளவு, மட்டம், பெயர், திருத்தக் குறி ஆகிய அனைத்தையும் வடிவமைப்பின் பகுதியாகவே கருதி, அவற்றுக்குரிய நேரத்தையும் சரிபார்ப்பையும் ஒதுக்குங்கள். மாதிரியை முடித்துவிட்டு, வெளியிடும் நாளுக்கு முந்தைய மாலையில் குழுவின் இளையவர் ஒருவரிடம் ஒப்படைக்கும் ஒப்பனை வேலையாக அதை நடத்தாதீர்கள்.

மாதிரிக்கு இங்கே கிடைத்திருக்கும் முக்கியத்துவத்தை நான் குறைத்துப் பேசவில்லை. கட்டட, கட்டுமான ஆணையம் பிம் முறையிலான மின்னியல் சமர்ப்பிப்பைப் படிப்படியாகக் கட்டாயமாக்கி, 2015இல் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்கள் வரை கொண்டுவந்தது. கட்டட அனுமதிக்காக 2023 டிசம்பரில் தொடங்கப்பட்ட கோரெநெட் எக்ஸ் இணையத்தளத்தில், ஐஎஃப்சி-எஸ்ஜி என்ற பொதுத் தரவு வடிவில் அமைந்த ஒருங்கிணைந்த மாதிரியைப் பல அரசு அமைப்புகள் சேர்ந்து பரிசீலிக்கின்றன. 30,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள புதிய திட்டங்களுக்கு 2025 அக்டோபர் முதல் அது கட்டாயமாகியுள்ளது. ஒவ்வோர் அமைப்பிடமும் தனித்தனியே வரைபடம் கொடுத்து, ஒன்றுக்கொன்று முரணான கருத்துகளைப் பெற்றுக்கொண்டு திரும்பிய காலத்தைவிட இது பல மடங்கு மேல். ஆயினும் அந்த மாற்றத்தின் நிழலில் ஒன்று நடந்திருக்கிறது. குழுக்களின் கவனம் முழுவதும் மாதிரிக்குள் நிரப்பப்படும் பண்புகளின் பக்கம் திரும்பியிருப்பதால், அதே மாதிரியிலிருந்து அச்சாகும் ஷீட்டைக் கண்கொண்டு படிப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். அதிகாரிகளிடம் மாதிரி போகிறது; உத்தரத்துக்கு அடியில் துளை போடுபவரிடம் ஷீட்தான் போகிறது.

அவர் யார் என்று ஒரு முறை நினைத்துப் பாருங்கள். எங்கள் தளங்களில் தமிழ்நாட்டிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் மியன்மாரிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்தவர்கள் ஒரே கூரைக்கு அடியில் வேலை செய்கிறார்கள். டக்ட்டைப் பொருத்தும் கலையில் கைதேர்ந்தவர்கள் அவர்கள். ஆங்கிலத்தில் நீண்ட வாக்கியம் எழுதியிருந்தால் அதில் பாதியை ஊகித்துத்தான் படிப்பார்கள். எண்ணையும் குறியீட்டையும் அம்புக்குறியையும் ஊகம் எதுவுமின்றிப் படிப்பார்கள். கையில் இருப்பது ஏ3 தாளில் கறுப்பு வெள்ளையாக எடுத்த பிரதி, அல்லது கைப்பேசித் திரையில் விரலால் பெரிதாக்கிய பிடிஎஃப். மாதிரியைத் திறந்து, ஒவ்வொரு துண்டையும் சொடுக்கி, அதன் பண்புகளைப் பார்க்கும் வசதியோ நேரமோ அவர்களுக்கு இல்லை. தளத்தில் டேப்லெட்டில் மாதிரியைக் காட்டிவிட்டால் ஷீட்டுக்கே வேலை இருக்காது என்று சொல்பவர்கள் உண்டு. டேப்லெட்டை நாங்களும் பயன்படுத்துகிறோம். எந்தக் குழாய் எதன்மேல் ஏறிப் போகிறது என்பதைக் கண்முன் காட்ட அதற்கு இணை இல்லை. ஆனால் அளவுநாடாவின் முனையை எங்கே வைக்க வேண்டும் என்பதை எழுத்துத்தான் சொல்கிறது.

முதலில் தட்டச்சு செய்த எழுத்தைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் அதனால் விளையும் சேதம் அதிகம். ரெவிட் போன்ற பிம் மென்பொருளில் ஓர் அளவை ஷீட்டில் காட்ட இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று டேக்: அது டக்ட்டோடு பிணைக்கப்பட்டு, அதன் அளவை மாதிரியிலிருந்தே வாசித்துக் காட்டும், டக்ட் மாறினால் அதுவும் மாறும். மற்றொன்று வெறும் எழுத்து: பார்வைக்கு டேக்கைப் போலவே இருக்கும், ஆனால் எதனோடும் தொடர்பில்லை, தட்டச்சு செய்த அன்று என்ன சொன்னதோ அதையே என்றும் சொல்லிக்கொண்டிருக்கும். தாளில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது என்பதே ஆபத்து.

நான் வேலை செய்த ஒரு தளத்தில், ஆழமான உத்தரம் ஒன்று குறுக்கிட்டதால் வடிவமைப்பு அலுவலகம் ஒரு சப்ளை டக்ட்டை 600×300இலிருந்து 800×250 ஆக மாற்றியது. பொறியியல் முடிவு சரியானது. குறுக்குப் பரப்பு 0.18 சதுர மீட்டரிலிருந்து 0.20 ஆக உயர்ந்தது, உயரம் 50 மி.மீ. குறைந்தது, உத்தரத்துக்கு அடியில் இடம் கிடைத்தது. மாதிரி திருத்தப்பட்டது, அதிலிருந்து தானாக உருவாகும் அட்டவணையும் திருந்தியது. ஷீட்டில் மட்டும் அந்தப் பகுதியில் டேக்குக்குப் பதிலாக யாரோ தட்டச்சு செய்து வைத்த 600×300 அப்படியே நின்றது. பிரதான குத்தகையாளர் சுவரில் அந்த எழுத்தைப் பார்த்துத் திறப்பு விட்டார். எங்கள் பட்டறை அட்டவணையைப் பார்த்துத் தகடு வெட்டியது. இரு தரப்பும் தமக்கு வந்த ஆவணத்தின்படி சரியாகவே நடந்தன. பூசி முடித்த சுவரின் முன் 800 அகல டக்ட்டோடு நின்றபோது, எது செல்லும் என்று கேட்டுக் கடிதம் எழுதி, பதில் வந்து, சுவரை உடைத்து, மேலே லிண்டலை நீட்டி, மீண்டும் பூசி முடிக்கும்வரை அந்தப் பகுதியில் எந்தச் சேவையும் நகரவில்லை. கோபப்பட யாரும் கிடைக்கவில்லை; யாரும் பொய் எழுதவில்லை. எழுத்து பொருளிலிருந்து பிரிந்து கிடந்தது, அவ்வளவுதான்.

ஆகவே அளவு, மட்டம், கருவியின் பெயர், காற்றோட்ட அளவு ஆகியவற்றை வெறும் எழுத்தாகத் தட்டச்சு செய்வதை உங்கள் அலுவலகத்தில் முற்றிலும் தடை செய்யுங்கள் என்று வேண்டுகிறேன். பரிமாணக் கோட்டின் உண்மையான எண்ணை அழித்து அதன் இடத்தில் வேறோர் எண்ணைப் போட முயன்றால் ரெவிட் மறுத்துவிடும். சொற்களை எழுத மட்டுமே அங்கே இடம் தரும். அந்தக் கட்டுப்பாட்டை உருவாக்கியவர்கள் ஏன் உருவாக்கினார்கள் என்று புரிந்துகொள்ளாமல், பரிமாண எண்ணுக்கு மேல் வெள்ளைப் பட்டையை ஒட்டி அதன்மேல் வேறு எண்ணை எழுதும் குறுக்கு வழிகளைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அளவு தவறென்றால் பொருளை நகர்த்துங்கள்; எண் தானே திருந்தும்.

டேக் போட்டுவிட்டால் மட்டும் போதும் என்றும் நினைத்துவிட வேண்டாம். டேக் தன்னிடம் கேட்டதைத்தான் சொல்லும். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு டக்ட்கள் ஓடும் இடத்தில், டேக்கிலிருந்து பொருளைச் சுட்டும் லீடர் கோட்டின் முனையைச் சுதந்திரமாக விட்டிருந்தால், அம்பு கீழ் டக்ட்டின் விளிம்பைத் தொட்டு நிற்கும். வாசித்திருப்பதோ மேல் டக்ட்டின் அளவை. தாளில் அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. இணைக்கப்பட்ட வேறொரு மாதிரியிலுள்ள பொருளுக்குப் போட்ட டேக், அந்தப் பொருள் அங்கே அழிக்கப்பட்டு மறுபடி வரையப்பட்டால் அநாதையாகிவிடும். பண்பு நிரப்பப்படாத பொருளின் டேக் வெறும் கேள்விக்குறியைக் காட்டும். கட்டுமானத்துக்காக வெளியிடப்பட்ட ஷீட்களிலேயே அந்தக் கேள்விக்குறிகளை எங்கள் ஆட்கள் பார்த்திருக்கிறார்கள். செங்குத்தாக ஏறும் டக்ட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. 800×250 என்று டேக் சொல்கிறது. மாடிகளைக் கடந்து சேவைகள் ஏறும் ஷாஃப்டுக்குள் எந்தப் பக்கம் 800, எந்தப் பக்கம் 250 என்பதை அது சொல்வதில்லை. மாதிரியில் டக்ட் திரும்பியிருக்கும் திசையைப் பொறுத்து அகலமும் உயரமும் இடம் மாறியிருக்கலாம். ஷாஃப்டில் மட்டுமாவது இரு பக்கமும் பரிமாணக் கோடு போட்டுச் சுவரிலிருந்து தூரத்தைக் காட்டுங்கள்.

இனி மட்டம். என் அனுபவத்தில் மிகுதியான கேள்விகள் இதிலிருந்தே எழுகின்றன. ஆகவே இதைச் சற்று விரிவாக எழுத அனுமதியுங்கள்.

ஒரு டக்ட்டின் அருகே 2,900 என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது டக்ட்டின் அடிப்பாகத்தின் உயரமா, நடுக்கோட்டின் உயரமா? தகட்டின் அடியா, அதைச் சுற்றிய வெப்பக்காப்பு உறையான இன்சுலேஷனின் அடியா? எந்தத் தரையிலிருந்து அளந்தது: கான்கிரீட் மட்டத்திலிருந்தா, ஓடு பதித்து முடித்த மட்டத்திலிருந்தா? இந்தக் கேள்விகளில் ஒன்றுக்குப் பதில் இல்லாவிட்டாலும் அந்த எண் பயன்படாது. டக்ட் தொங்கவிடப்படும் நாளில் தரையில் ஓடு இல்லை. ஃபோர்மேனின் காலுக்கு அடியில் இருப்பது கான்கிரீட் மட்டுமே. லேசர் கருவியை எந்தக் கோட்டில் நிறுத்துவது என்பதை அவர் உங்கள் எழுத்திலிருந்துதான் முடிவு செய்கிறார்.

எடுத்துக்காட்டாக, முடிவுற்ற தரைக்கு முடிவுற்ற தரை 4,000 மி.மீ. உள்ள ஒரு மாடியை எடுத்துக்கொள்ளுங்கள். மேல்தளத்தின் தரைப்பூச்சு 50 மி.மீ.; தளப்பலகையையும் சேர்த்து உத்தரத்தின் ஆழம் 700 மி.மீ. உத்தரத்தின் அடி, கீழ்த்தளத்தின் முடிவுற்ற தரையிலிருந்து 3,250இல் நிற்கும். உட்கூரை 2,700 என்றால் இடையில் நமக்குக் கிடைப்பது 550. அதில் 350 உயர டக்ட், மேலும் கீழும் 25 மி.மீ. இன்சுலேஷன், ஆக 400. மிச்சம் 150. அந்த 150க்குள் டக்ட்டைத் தொங்கவிடும் ஹேங்கரின் குறுக்குக் கம்பி, உட்கூரையின் சட்டகம், விளக்கின் உடல், சில இடங்களில் தீயணைப்பு ஸ்பிரிங்க்ளர் குழாய் எல்லாம் அடங்க வேண்டும். இப்போது எங்கள் ஃபோர்மேன் முடிவுற்ற தரையிலிருந்து எழுதிய எண்ணைக் கான்கிரீட்டிலிருந்து அளந்துவிட்டால், டக்ட் 50 மி.மீ. இறங்கி நிற்கும், மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். இன்சுலேஷனைச் சேர்த்ததா சேர்க்காததா என்ற குழப்பமும் அதே திசையில் கூடினால், விளக்குக்காரர் வரும்போது பாதி இடந்தான் இருக்கும். பிறகு நடப்பது உங்களுக்கே தெரியும்: உட்கூரையை இறக்கச் சொல்லிக் கட்டடக் கலைஞரிடம் கெஞ்சுவோம், அவர் மறுப்பார், டக்ட் கழற்றப்படும்.

குளிர்நீர்க் குழாயில் இது இன்னும் கூர்மையானது. டிஎன் 100 என்பது குழாயை அடையாளம் காட்டும் பெயரளவு விட்டம் மட்டுமே. எஃகுக் குழாயின் வெளிவிட்டம் 114.3 மி.மீ. நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் குழாய் வியர்க்காமலிருக்க இன்சுலேஷன் தடிமனாகவே இருக்க வேண்டும். அது 50 மி.மீ. என்றால் குழாய் பிடிக்கும் இடம் ஏறத்தாழ 215 மி.மீ. அதாவது எழுத்தில் உள்ள எண்ணைப்போல் இரு மடங்குக்கும் மேல். டேக்கில் டிஎன் 100 என்று மட்டும் எழுதியிருக்கும் குழாயை, அருகில் உள்ள மின்கம்பித் தட்டிலிருந்து எவ்வளவு தள்ளிப் பொருத்துவது என்று தளத்தில் முடிவெடுப்பவர் இன்சுலேஷனின் தடிமனை வேறெங்கோ உள்ள பொதுக் குறிப்பில் தேட வேண்டியிருக்கிறது. தடிமன் மாதிரியில் இருக்கிறது. டேக்கில் ஒரு வரி கூட்டினால் போதும்.

மென்பொருள் தரும் ஒரு பொறியையும் சொல்ல வேண்டும். ஐந்தாம் மாடியின் உட்கூரைக்கு மேல் ஓடும் டக்ட்டை மாதிரியாளர் ஆறாம் மாடியின் மட்டத்தைச் சார்ந்து வரைந்திருந்தால், டேக் எதிர்மறை எண்ணைக் காட்டும். ஆறாம் மாடியிலிருந்து இவ்வளவு கீழே என்று பொருள். பக்கத்திலேயே வேறொருவர் வரைந்த துண்டு ஐந்தாம் மாடியைச் சார்ந்திருக்கும். அதன் எண் நேர்மறை. ஒரே ஷீட்டில், ஒரே டக்ட் ஓட்டத்தில், இரண்டு விதமான எண்கள். வேறு சில ஷீட்களில் சிங்கப்பூர் உயர ஆதார மட்டத்திலிருந்து எடுத்த எண்கள் கலந்து வந்துவிடும், ஏனென்றால் உயரக் குறியின் தோற்றப்புள்ளி நில அளவைப் புள்ளிக்கு அமைக்கப்பட்டிருக்கிறது. மூன்றும் கணக்கின்படி சரி. மூன்றையும் ஒரே கோட்டில் தொங்கவிட வேண்டியவருக்கு அவை மூன்று வெவ்வேறு மொழிகள். ஒரு மாடியின் ஷீட்டில் உள்ள எல்லா உயரங்களும் அந்த மாடியின் முடிவுற்ற தரையிலிருந்து, டக்ட்டுக்கும் குழாய்க்கும் அடிப்பாகத்திலிருந்து, கழிவுநீர்க் குழாய்க்கு மட்டும் உட்புற அடியிலிருந்து என்று ஒரு முறை தீர்மானித்து, அதை ஷீட்டின் மூலையில் பெரிய எழுத்தில் எழுதி, டேக்கிலும் அந்தச் சுருக்கத்தைச் சேர்த்துவிட்டால் எங்கள் கேள்விகளில் பாதி எழாது.

சாய்ந்து ஓடும் குழாய்க்கு ஓர் உயரம் போதாது. குளிர்சாதனக் கருவியில் சேரும் நீரை வடிக்கும் கண்டன்சேட் குழாய் 1:100 சாய்வில் 18 மீட்டர் ஓடினால் 180 மி.மீ. இறங்கும், முன்னே சொன்ன 150 மி.மீ. மிச்சத்தை அது ஒன்றே விழுங்கிவிடும். தொடக்கத்தில் ஓர் உயரமும், முடிவில் ஓர் உயரமும், இடையில் குறுக்கிடும் ஒவ்வோர் உத்தரத்துக்கும் அடியில் ஓர் உயரமும் தேவை. நடுவில் எங்கோ ஒரே ஓர் எண்ணை வைத்துவிட்டு, சாய்வு அம்பைப் போட்டு விடுவது எங்களைக் கணக்குப் போட வைக்கிறது. கணக்குப் போடத் தெரியாதவர்கள் அல்லர் நாங்கள். ஆனால் அந்த எண் எந்தப் புள்ளிக்கு உரியது என்பது தெரியாமல் கணக்கைத் தொடங்க முடியாது.

எழுத்தின் அளவைப் பற்றி வேறொன்று. தொழில்நுட்ப எழுத்துக்கான ஐஎஸ்ஓ 3098 தரநிலை 1.8, 2.5, 3.5, 5 மி.மீ. என்று எழுத்துயரங்களை வரிசைப்படுத்துகிறது. உங்களில் பெரும்பாலோர் ஏ1 தாளுக்கு 2.5 மி.மீ. எழுத்தைத் தேர்ந்தெடுக்கிறீர்கள், ஏ1 தாளில் அது நன்றாகவே படிக்க முடியும். ஆனால் ஏ3 தாளின் நீளமும் அகலமும் ஏ1இல் சரியாகப் பாதி. அங்கே அந்த எழுத்து 1.25 மி.மீ. ஆகிவிடுகிறது, தரநிலையின் மிகச் சிறிய எழுத்தைவிடவும் சிறியது. சாரத்தின்மேல், தூசியில், ஒற்றை விளக்கின் வெளிச்சத்தில் 3க்கும் 8க்கும் வேறுபாடு தெரியாது. 3.5 மி.மீ. எழுத்து ஏ3க்குச் சுருங்கினால் 1.75 ஆகும், அதுவே நியாயமான எல்லை. அதே காரணத்தால், 1:50 என்று எழுத்தில் மட்டும் சொல்லாமல் அளவுகோல் பட்டையையும் வரையுங்கள். ஏ3 பிரதியில் அந்த 1:50 உண்மையில் 1:100. பட்டை தாளோடு சேர்ந்து சுருங்குவதால் எப்போதும் உண்மையே சொல்லும்.

எழுத்தைப் பெரிதாக்கினால் இடம் போதாது என்பீர்கள். போதாதுதான். அப்படியானால் அந்தப் பகுதியைப் பெரிய அளவில் தனியே வரையுங்கள். இயந்திர அறையையும், ஷாஃப்டுக்கு வெளியே சேவைகள் ஒன்றின்மேல் ஒன்று குவியும் நடைபாதையையும் 1:100இல் திணித்துவிட்டு, அதன்மேல் முப்பது நாற்பது லீடர் கோடுகளைப் பாய்ச்சினால் யாருக்கும் பயனில்லை. மென்பொருளில் எழுத்து தாளின் அளவுக்குக் கட்டுப்பட்டது. 1:50இல் ஒழுங்காக அடுக்கிய பார்வையை ஒரு சொடுக்கில் 1:100 ஆக்கினால் பொருள் சுருங்கும், எழுத்து சுருங்காது. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழும். அளவை மாற்றிய ஷீட்டை மறுபடி அடுக்காமல் வெளியிடாதீர்கள். லீடர் கோடுகள் ஒன்றையொன்று வெட்டாமல், ஒரே கோணத்தில், ஒரே பக்கமாக வரிசை பிடித்து நிற்கட்டும். டேக்கின் பின்னணியை வெள்ளையாக்கினால் படிக்க எளிது, ஆனால் அந்த வெள்ளைக்கு அடியில் ஒரு ஸ்பிரிங்க்ளர் குழாயோ ஒரு வால்வோ மறைந்துபோகிறதா என்று பாருங்கள்.

நிறத்தை நம்பாதீர்கள். திரையில் நீலம் குளிர்நீர், சிவப்பு தீயணைப்பு, பச்சை வடிகால் என்று அழகாகத் தெரிவது எங்கள் அச்சுப் பொறியில் ஒரே சாம்பலாக வருகிறது. கோட்டின் வகையும், கோட்டுக்குள் இடைவெளி விட்டு எழுதும் சுருக்கமும், மேலே செல்லும் குழாய்க்கும் கீழே செல்வதற்கும் குறுக்கிடும் இடத்தில் அடிக்கோட்டை உடைத்துக் காட்டும் இடைவெளியும் கறுப்பு வெள்ளையிலும் பேசும். ரெவிட்டின் இயந்திர அமைப்புகளிலேயே அந்த இடைவெளிக்கும், ஏறும் இறங்கும் குறிகளுக்கும் தேர்வுகள் இருக்கின்றன. ஒரு முறை அலுவலக வார்ப்புருவில் அமைத்துவிட்டால் ஒவ்வொரு திட்டத்துக்கும் அதுவே தொடரும்.

குறியீட்டு அட்டவணையை முந்தைய திட்டத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டும் வழக்கத்தையும் கைவிடுங்கள். இந்தக் கட்டடத்தில் இல்லாத கருவிகளின் குறிகள் அதில் நிறைந்திருக்கின்றன. இங்கே உண்மையில் பயன்படுத்திய இரண்டு மூன்று குறிகளுக்கு விளக்கமே இல்லை. அவற்றுள் ஒன்று, தீப்பிடித்தால் டக்ட்டை அடைக்கும் ஃபயர் டேம்பராக இருந்துவிட்டால் விளைவு பெரிது. தீத்தடுப்புச் சுவரை டக்ட் கடக்கும் இடத்தில் டேம்பர் எந்தப் பக்கம், அதைத் திறந்து பார்க்கும் கதவு எங்கே, உட்கூரையில் அதற்கு நேர் கீழே திறப்பு விடப்பட்டிருக்கிறதா என்பதெல்லாம் தீப்பாதுகாப்புச் சான்றிதழுக்கு முன் வரும் பதிவுபெற்ற ஆய்வாளர் கேட்கும் கேள்விகள். குறி சுவரிலிருந்து விலகி நின்றால் எங்கள் ஆட்களும் விலக்கியே பொருத்துவார்கள்.

பல ஆண்டுகளாக என் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு வாசகம் இருக்கிறது. குத்தகையாளர் தளத்தில் ஒருங்கிணைத்துக்கொள்ள வேண்டும் என்ற பொதுக் குறிப்பைத்தான் சொல்கிறேன். அதற்கு நியாயமான இடம் உண்டு: ஹேங்கரின் இடத்தை ஓர் அடி இப்படியோ அப்படியோ நகர்த்துவது போன்ற சிறு தீர்மானங்கள் தளத்துக்கு உரியவை, அவற்றை நாங்கள் மகிழ்ச்சியோடு ஏற்கிறோம். ஆனால் இரண்டு பெரிய டக்ட்கள் ஒரே உயரத்தில் மோதும் இடத்தில், மாதிரியில் அந்த மோதல் தெரிந்தே இருக்கும்போது, அதைத் தீர்க்காமல் இந்த வாசகத்தை மேலே எழுதிவிட்டுச் செல்வது பொறுப்பைக் கைமாற்றுவது. தீராத இடத்தைத் தீராத இடம் என்றே எழுதுங்கள். அதைச் சுற்றி மேக வடிவில் வளைந்த மேகக்கோடு வரைந்து, இன்ன பொறியாளர் முடிவு செய்யும்வரை இங்கே வேலை தொடங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த ஒரு வரியால் எத்தனை பேருடைய உழைப்பு வீணாகாமல் காக்கப்படும் என்பதை நாங்கள் அறிவோம்.

திருத்தத்தைச் சுற்றும் மேகக்கோட்டுக்கும் இதே கண்ணியம் வேண்டும். ஷீட் முழுவதையும் ஒரே மேகத்துக்குள் அடைத்து, பொதுத் திருத்தம் என்று எழுதினால் ஃபோர்மேன் பழைய தாளையும் புதிய தாளையும் அருகருகே வைத்து விரலால் தேட வேண்டியிருக்கிறது. என்ன மாறியது என்பதை, மேகத்தின் அருகே, பழைய எண்ணையும் புதிய எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.

இவையெல்லாம் ஏன் நடக்கின்றன என்பதும் எனக்குத் தெரியாததன்று. மாதிரியாளருக்குக் காலக்கெடு மட்டுமே தரப்படுகிறது. அவர் தளத்தைப் பார்த்ததில்லை. அவருடைய வேலை எத்தனை ஷீட் முடிந்தது என்ற கணக்கிலேயே அளக்கப்படுகிறது. சென்னையில் இரவு விழித்திருந்து இந்தத் தீவின் காலை நேரத்துக்கு வரைபடம் அனுப்பும் இளைஞரிடம் குறை காண எனக்கு மனமில்லை. ஆகவே இந்த மடலின் கனமான பகுதி குழுத் தலைவர்களுக்கும் ஆலோசனை நிறுவனங்களின் பங்காளிகளுக்கும் உரியது. குறிப்பு எழுதும் வேலைக்குத் திட்ட அட்டவணையில் தனி நாள்களை ஒதுக்குங்கள். சரிபார்க்கும் பொறியாளர் திரையில் மட்டும் பார்க்காமல், கறுப்பு வெள்ளையில் ஏ3 தாளில் எடுத்து, பேனாவோடு படித்துக் கையெழுத்திடட்டும். மாதிரியாளர்களை ஆண்டுக்கு ஒரு முறையாவது, அவர்கள் வரைந்த மாடி உருவாகிக்கொண்டிருக்கும்போது, தளத்துக்கு அனுப்புங்கள். வெளியூரில் இருப்பவர்களுக்குக் காணொளி வழியாவது காட்டுங்கள். தொழிற்சாலையில் முன்கூட்டியே தயாரித்துக் கொண்டுவரும் குழாய்த் தொகுதிகள் பெருகிவரும் இக்காலத்தில் தளத்தில் வளைத்துச் சரிசெய்யும் வாய்ப்பும் சுருங்கிக்கொண்டே வருகிறது. தாளில் உள்ள தவறு இரும்பாகவே வந்து இறங்கும்.

கட்டட, கட்டுமான ஆணையத்திடமும் ஒன்று கேட்கிறேன். பிம் பயிற்சிகளை நடத்தும் உங்கள் பிசிஏ அகாடமியின் பாடங்களில், மாதிரியை உருவாக்குவதற்கும் தரவு நிரப்புவதற்கும் கிடைக்கும் இடத்தோடு, ஷீட்டை எழுதுவதற்கும் படிப்பதற்கும் செய்முறைத் தேர்வோடு கூடிய இடம் கிடைக்கட்டும். தேர்வாளர்களில் ஒருவராகத் தளத்தில் டக்ட் பொருத்திய அனுபவமுள்ள மேற்பார்வையாளரை அமர்த்துங்கள்.

எங்கள் தரப்பில் செய்யக்கூடியதையும் எழுதிவிடுகிறேன். கட்டுமானத்துக்கான ஷீட்டை வெளியிடுவதற்கு முன், ஒவ்வொரு மாடி வகைக்கும் ஒரு ஷீட்டை எங்களிடம் வரைவாகத் தாருங்கள். அதைப் பொருத்தப்போகும் ஃபோர்மேனிடமே கொடுத்து, அவர் தயங்கும் இடங்களையெல்லாம் சிவப்பு மையால் வட்டமிடச் சொல்லி, ஒரு வாரத்துக்குள் திருப்பி அனுப்ப நானும் என் சக ஒருங்கிணைப்பாளர்களும் ஆயத்தமாக இருக்கிறோம். அதற்கு நாங்கள் கட்டணமோ காலநீட்டிப்போ கேட்க மாட்டோம். வேலை முடிந்தபின், கட்டியதைக் கட்டியவாறே காட்டும் உள்ளபடி வரைபடத்துக்காக நாங்கள் தரும் திருத்தங்களிலும் அடிமட்டம், இன்சுலேஷன், அளந்த தரை ஆகிய மூன்றையும் தவறாமல் எழுதித் தருகிறோம். அவற்றை மாதிரியில் ஏற்றி, டேக் வழியாகவே ஷீட்டுக்குக் கொண்டுவருமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
குளிர்சாதன, காற்றோட்டப் பணிகளின் தள ஒருங்கிணைப்பாளர் ஒருவர்,
சிங்கப்பூர்